பிறருக்காக மன்றாடுவது எப்படி: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது யாராவது கையைப் பிடித்து, "எனக்காக ஜெபம் பண்ணிக்கோங்க" என்பார்கள். "கண்டிப்பா பண்றேன்" என்று சொல்லிவிடுவோம். பஸ் ஏறும் முன்பே அது மறந்துபோகும். எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று பல நேரம் கேட்டிருக்கவே மாட்டோம். அந்தக் "கண்டிப்பா"வை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் இந்த வழிகாட்டி.

மன்றாட்டு ஜெபம், பரிந்துரை ஜெபம், வேண்டுதல் என்று சபைக்குச் சபை பெயர் மாறும். வேலை ஒன்றுதான்: இன்னொருவருடைய தேவையை நம் தேவையாக எடுத்துக்கொண்டு கடவுளிடம் அவருக்காகப் பேசுவது. புதிதாக வருகிறவர்கள், சரளமாக ஜெபிக்க வரவில்லையே, வசனம் வாயில் நிற்கவில்லையே என்று கவலைப்படுகிறார்கள். அது சீக்கிரம் பழகிவிடும். பெரும்பாலான மன்றாட்டு கெட்டுப்போவது சரியாகக் கேட்டுக்கொள்ளாததால்தான்.

முதலில், இதன் பொருள்

வேதாகமத்தில் இதற்கு முதல் பெரிய உதாரணம் ஆதியாகமம் 18. பாவம் மிகுந்த சோதோம் பட்டணம் அழியப்போகிறது என்று அறிந்ததும் ஆபிரகாம் 50 நீதிமான்களில் தொடங்கி 45, 40, 30, 20, 10 என்று ஆறு முறை இறங்கி இறங்கிக் கேட்கிறார். "தூளும் சாம்பலுமாயிருக்கிற அடியேன்" என்று தாழ்மையாகத்தான் பேசுகிறார். ஆனால் கேட்பதை நிறுத்தவில்லை. அவர் எதைப் பிடித்துக்கொண்டு வாதாடுகிறார் என்பதைக் கவனியுங்கள். சோதோமின் நல்ல குணத்தை அல்ல, அங்கே அப்படி ஒன்றும் இல்லை. "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று கடவுளின் குணத்தைக் கடவுளிடமே எடுத்துச் சொல்கிறார்.

மோசே இன்னும் ஒரு படி போகிறார். இஸ்ரவேல் ஜனங்கள் பொற்கன்றுக்குட்டியைச் செய்து வணங்கிய பிறகு, இந்த ஜனங்களை மன்னியும், இல்லாவிட்டால் உம்முடைய புஸ்தகத்திலிருந்து என் பேரையும் கிறுக்கிப்போடும் என்கிறார் (யாத்திராகமம் 32:32). தானியேல் 9-ஆம் அதிகாரத்தில் ஜெபிக்கும்போது "அவர்கள் பாவம் செய்தார்கள்" என்று சொல்வதில்லை, "நாங்கள்" என்கிறார். மன்றாடுகிறவர் மேடையில் நின்று கீழே இருப்பவர்களுக்காகப் பேசுகிறவர் இல்லை. அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

பிரதான ஆசாரியன் ஆரோனின் உடையில் இதற்கு ஓர் அடையாளமே உண்டு. இரண்டு தோள்களிலும் இரண்டு கோமேதகக் கற்கள், கல்லுக்கு ஆறு கோத்திரங்களின் பெயர். மார்ப்பதக்கத்தில் பன்னிரண்டு கற்கள், கல்லுக்கு ஒரு பெயர் (யாத்திராகமம் 28). மொத்தமாக "இஸ்ரவேல்" என்று ஒரே கல்லில் வெட்டியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. உங்கள் ஜெபத்திலும் பெயர்கள் தனித்தனியாக வர வேண்டும்.

கிறிஸ்தவர்களுக்கு இதன் மையம் இயேசு. சீடர் பேதுரு தம்மை மறுதலித்து விழப்போகிறார் என்று தெரிந்தும், "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்றார் (லூக்கா 22:32). உயிர்த்தெழுந்த பின்னும் அவர் நமக்காக வேண்டுதல் செய்துகொண்டிருக்கிறார் என்கின்றன ரோமர் 8:34-ம் எபிரெயர் 7:25-ம். நாம் புதிதாக எதையும் தொடங்குவதில்லை. நடந்துகொண்டிருக்கும் அவருடைய வேண்டுதலில் போய்ச் சேர்ந்துகொள்கிறோம். இயேசுவே "ஒரே மத்தியஸ்தர்" என்று 1 தீமோத்தேயு 2:5 சொல்கிறதே, பிறகு நாம் எதற்கு என்ற கேள்வி வரும். அதே அதிகாரத்தின் முதல் வசனம்தான் எல்லா மனுஷருக்காகவும் வேண்டுதல் செய்யுங்கள் என்கிறது. மீட்பைப் பெற்றுத் தரும் மத்தியஸ்தம் அவருடையது மட்டும். அவர் வழியாகக் கேட்பது நம் எல்லோருடைய வேலையும்.

கத்தோலிக்கரும் கீழைத் திருச்சபையினரும் மரியாளிடமும் புனிதர்களிடமும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று கேட்பார்கள். சீர்திருத்தச் சபைகள் உயிரோடிருக்கும் விசுவாசிகளிடம் மட்டுமே கேட்கும். உங்கள் சபை எதுவோ அதன்படி செய்யுங்கள். ஜெபக் கூட்டத்தில் இதை விவாதமாக்கினால் நோயாளி மறந்துபோவார்.

கேட்காமல் தொடங்காதீர்கள்

பர்திமேயு பார்வையற்றவர் என்பது ஊருக்கே தெரியும். இருந்தும் இயேசு அவரிடம், நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்டார் (மாற்கு 10:51). அவரே கேட்டார் என்றால் நமக்கு ஊகிக்க என்ன உரிமை?

ஒரு ஜெபக்குறிப்பை வாங்கும்போது மூன்று விஷயம் தெரிய வேண்டும்: என்ன நடந்திருக்கிறது, கடவுளிடம் எதைக் கேட்க அவர் விரும்புகிறார், இதை வேறு யாரிடம் சொல்லலாம். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பேச்சு இப்படிப் போகலாம்:

"தம்பிக்காக ஜெபம் பண்ணும்மா."

"பண்றேன்க்கா. தம்பிக்கு என்ன கேட்கட்டும்?"

"வேலைக்குப் போக மாட்டேங்குறான்."

"வேலை கிடைக்கணும்னு கேட்கட்டுமா?"

"வேலை இருக்கும்மா. ராத்திரி தூங்க மாட்டேங்குறான், காலைல எழுந்திரிக்க முடியல. யார்கிட்டயும் பேசுறதில்ல."

"சரிக்கா. அவன் தூங்கணும்னும், ஒருத்தர்கிட்டயாவது மனசு விட்டுப் பேசணும்னும் கேட்கிறேன். டாக்டர்கிட்ட காட்டினீங்களா? இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டுமா, சபை ஐயர்கிட்ட சொல்லலாமா?"

ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டதில் ஜெபமே மாறிவிட்டது. கேட்காமல் இருந்திருந்தால், இருக்கிற வேலைக்காக மூன்று மாதம் "வேலை தாரும்" என்று ஜெபித்திருப்போம். விவரம் சொல்லத் தயங்குகிறவரைத் தோண்டக் கூடாது. "என்ன விஷயம்னு சொல்லணும்னு இல்லக்கா, என்ன கேட்கட்டும்னு மட்டும் சொல்லுங்க" என்றால் போதும்.

நோட்டு

ஞாபகத்தை நம்பாதீர்கள். 80 பக்க நோட்டு ஒன்று, சட்டைப் பையிலோ வேதாகமத்துக்குள்ளோ அடங்கும் அளவு. போனில் எழுதுகிறவர்கள் எழுதலாம். ஆனால் ஜெப நேரத்தில் போனைத் திறந்தால் வேறு நாலு செய்தி கண்ணில் படும்.

பக்கத்துக்கு ஐந்து பத்தி கோடு போடுங்கள்: தேதி, பெயர், கேட்கவேண்டியது ஒரே வரியில், அடுத்து விசாரிக்கவேண்டிய நாள், கடைசியில் ஒரு காலிப் பத்தி. அந்தக் காலிப் பத்தியில் பின்னால் நடந்ததை எழுதுவீர்கள். நான்காவது பத்திதான் நோட்டுக்கு உயிர். "ஸ்கேன் 14-ஆம் தேதி" என்று இருந்தால் 13-ஆம் தேதி இரவு அவருக்காகத் தனியாக நேரம் எடுப்பீர்கள், 15-ஆம் தேதி போன் செய்வீர்கள். அந்த வரி இல்லாத பெயர் இரண்டு வாரத்தில் வெறும் பெயராகிவிடும்.

அந்தரங்கமான விஷயங்களுக்கு முழுப்பெயர் எழுத வேண்டாம். முதல் எழுத்து போதும். நோட்டு வீட்டில் கிடக்கும், பிள்ளைகள் புரட்டுவார்கள், விருந்தாளி எடுத்துப் பார்ப்பார்.

எத்தனை பெயர்? தொடங்கும்போது 7-க்கு மேல் போகாதீர்கள். வீட்டார் இரண்டு மூன்று பேர் தினமும். மற்றவர்களைக் கிழமைவாரியாகப் பிரித்துவிடுங்கள். திங்கள் நோயாளிகள், செவ்வாய் படிக்கிற பிள்ளைகள், புதன் வேலை தேடுவோர், வியாழன் சபையும் அதை நடத்தும் ஆயரும், வெள்ளி மனஸ்தாபத்தில் இருக்கும் குடும்பங்கள், சனி ஊரும் அரசும். ஞாயிறு புதுக் குறிப்புகளை எழுதிச் சேர்க்கும் நாள். முதல் வாரமே உற்சாகத்தில் 40 பெயர் எழுதுகிறவர்கள் மூன்றாம் வாரம் ரேஷன் கடையில் அட்டைதாரர் பெயரைக் கூப்பிடுவதுபோல வாசித்துக்கொண்டிருப்பார்கள், ஐந்தாம் வாரம் நோட்டைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அரசையும் ஊரையும் விட்டுவிடாதீர்கள். ராஜாக்களுக்காகவும் அதிகாரத்தில் உள்ளவர்களுக்காகவும் ஜெபிக்கச் சொல்கிறது 1 தீமோத்தேயு 2. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கே, அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக விண்ணப்பம் பண்ணுங்கள் என்று எரேமியா எழுதியனுப்பினார் (29:7). நமக்குப் பிடித்த கட்சி ஆளும்போது மட்டும் செய்யும் ஜெபம் இல்லை இது.

ஒரு 15 நிமிடம்

அரை மணி, ஒரு மணி என்று திட்டம் போட்டு நான்கு நாளில் விடுவதைவிட, ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் 15 நிமிடம் உட்காருங்கள். முதல் இரண்டு நிமிடம் வேதாகமத்தின் சங்கீதம் ஒன்றில் நாலு வசனத்தை மெதுவாக வாசித்து அமைதியாயிருங்கள். பிறகு உங்கள் சொந்தப் பாவத்தைச் சுருக்கமாக அறிக்கையிடுங்கள். யார் மேலாவது மனக்கசப்பு இருந்தால் இங்கேயே சொல்லிவிடுங்கள். அடுத்த ஒன்பது பத்து நிமிடம் பெயர்களுக்கு. கடைசி இரண்டு நிமிடம் நன்றி.

ஒரு பெயருக்கு என்ன செய்வது? பெயரைச் சொல்லுங்கள். நிலைமையை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள்; கடவுளுக்குத் தெரியாது என்பதற்காக அல்ல, நீங்கள் மறக்காமலிருக்க. கேட்கவேண்டியதைக் கேளுங்கள். எந்த வாக்குத்தத்தத்தை நம்பிக் கேட்கிறீர்களோ அதைச் சொல்லுங்கள். பிறகு அரை நிமிடம் பேசாமலிருங்கள். இந்த மௌனத்தில்தான் "அவங்களுக்கு நாளைக்குச் சாப்பாடு யார் கொண்டுபோவாங்க?" என்பது மாதிரியான எண்ணம் வரும். வந்தால் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

"ஆண்டவரே, மேரி அக்காவை ஆசீர்வதியும், அவர்களோடு இரும்" என்பதில் தவறில்லை. ஆனால் அடுத்த வாரமும் அதையே சொல்வீர்கள், அடுத்த மாதமும் சொல்வீர்கள். இதைப் பாருங்கள்:

"ஆண்டவரே, மேரி அக்காவுக்கு நாளை மறுபடியும் டயாலிசிஸ். போன முறை பாதியில் பிரஷர் இறங்கி மயங்கிவிட்டார்கள். நாளை அப்படி ஆகாமல் காத்துக்கொள்ளும். ஊசி குத்துகிற நர்ஸின் கைக்கு நிதானம் தாரும். கூடப் போகிற மகளுக்கு இது மூன்றாவது லீவு. அவளுடைய மேலாளர் மனம் இளகச் செய்யும். நொந்துபோனவர்களுக்குச் சமீபமாயிருக்கிறவர் நீர். அந்த நாலு மணி நேரமும் அவர்கள் பயப்படாதிருக்கச் செய்யும்."

அரை நிமிட ஜெபம்தான். இதற்கு வார்த்தை ஜாலம் தேவைப்படவில்லை. மேரி அக்காவிடம் இரண்டு நிமிடம் பேசியிருந்தால் போதும்.

என்ன கேட்பது என்றே தெரியாத நிலைகள் உண்டு. நீடித்த வியாதி, உடைந்துபோன திருமணம், சிறையில் இருக்கும் பிள்ளை. அப்போது பவுலின் ஜெபங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: எபேசியர் 1:17-19, 3:16-19, பிலிப்பியர் 1:9-11, கொலோசெயர் 1:9-12. அவற்றில் "உங்களை", "நீங்கள்" என்று வருமிடத்தில் உங்கள் நோட்டிலுள்ள பெயரை வைத்து வாசியுங்கள். பவுல் அங்கே கேட்பது பெரும்பாலும் அறிவு, அன்பு, பொறுமை, உள்ளான பலம். பணமும் சுகமும் கேட்கக் கூடாதென்று இல்லை. நம் ஜெபக்குறிப்புகளில் இவை ஒன்றுகூட இல்லாமலிருப்பதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அதுவும் வரவில்லையா? பெயரை மட்டும் சொல்லிவிட்டு உட்காருங்கள். ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாதபோது ஆவியானவரே "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" வேண்டுதல் செய்கிறார் என்கிறது ரோமர் 8:26.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே

இங்கேதான் நல்ல மனசோடு போய்த் தொந்தரவு கொடுத்துவிட்டு வருவது அதிகம் நடக்கிறது.

1. பார்வையாளர் நேரத்தில் போங்கள், இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். நர்ஸிடம் சொல்லிவிட்டு, கை கழுவிவிட்டு உள்ளே செல்லுங்கள்.
2. நோயாளியிடம் நேராகக் கேளுங்கள்: "ஜெபம் பண்ணலாமா? என்ன கேட்கட்டும்?" அவர் வேறு மதத்தவர் என்றாலோ களைப்பாக இருந்தாலோ "வேண்டாம்" என்பார். சரி என்று சொல்லி, கொஞ்ச நேரம் பேசிவிட்டு வாருங்கள். வெளியே வந்தும் ஜெபிக்கலாம்.
3. தொடுவதற்கு முன் அனுமதி கேளுங்கள். டிரிப்ஸ் ஏறும் கையைப் பிடிக்காதீர்கள். கையில் செருகியிருக்கும் வென்ஃப்ளான் குழாய் நகர்ந்தால் ஊசியை மறுபடி வேறிடத்தில் குத்துவார்கள்.
4. இரண்டு நிமிடம் போதும், பக்கத்துக் கட்டிலுக்கு எட்டாத குரலில். அங்கேயும் ஒரு நோயாளி தூங்க முயன்றுகொண்டிருப்பார்.
5. "நாளைக்கே எழுந்து நடப்பீங்க" என்று கடவுள் பெயரில் வாக்குக் கொடுக்காதீர்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்வது மன்றாட்டு இல்லை, ஆபத்து.

எண்ணெய் பூசி ஜெபிப்பதை யாக்கோபு 5:14 சபையின் மூப்பர்களிடம் ஒப்படைக்கிறது. கத்தோலிக்கத்தில் நோயில்பூசுதல் அருள்சாதனத்தைக் குருவானவர் மட்டுமே கொடுப்பார். அதனால் எண்ணெய் பாட்டிலோடு தனியாகப் புறப்பட வேண்டாம். ஆயரையோ பங்குத்தந்தையையோ கூப்பிடுங்கள், நேரத்தோடு கூப்பிடுங்கள்.

ஆராதனையில் மன்றாட்டு வாசிக்கச் சொன்னால்

சபையாகச் சேர்ந்து எல்லோருக்காகவும் வேண்டுவதை இரண்டாம் நூற்றாண்டின் நடுவிலேயே யுஸ்தினுஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதிவைத்திருக்கிறார். உரோமைத் திருப்பலியில் (கத்தோலிக்கப் பூசையில்) விசுவாசிகள் மன்றாட்டு பல நூற்றாண்டு வழக்கொழிந்து கிடந்து, இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்ற கத்தோலிக்கப் பொதுச்சங்கத்தின் 1963-ஆம் ஆண்டுத் திருவழிபாட்டு ஏட்டின்படி திரும்ப வந்தது. புனித வெள்ளியன்று பாடப்படும் பத்துப் பெரிய மன்றாட்டுகளில் அதன் பழைய சாயலை இன்றும் பார்க்கலாம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆராதனை முறையிலும் பரிந்துரை ஜெபத்துக்குத் தனி இடம் உண்டு.

வரிசை கத்தோலிக்க முறையில் இப்படி: திருச்சபைக்காக, ஆள்வோருக்காகவும் உலகுக்காகவும், துன்பப்படுகிறவர்களுக்காக, கடைசியில் நம் பங்குக்காக. நம் ஊர் கடைசியில் வருவது காரணமாகத்தான்; முதலில் எழுதினால் அதிலேயே நின்றுவிடுவோம். நாலு முதல் ஆறு மன்றாட்டு, ஒவ்வொன்றும் ஒரே வாக்கியம், 20 முதல் 25 வார்த்தை. உதாரணமாக:

"மழை பொய்த்ததால் விதைத்ததை இழந்து, வாங்கிய கடனை எப்படி அடைப்போம் என்று கலங்கி நிற்கும் விவசாயக் குடும்பங்களுக்கு உதவிக்கரமும் மனத்திடமும் கிடைக்க வேண்டுமென்று ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

பிறகு ஒரு மூச்சு நிறுத்துங்கள்; மக்கள் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்வார்கள். எழுதியதை வீட்டில் ஒருமுறை உரக்க வாசித்துப் பாருங்கள். நடுவில் மூச்சு வாங்கினால் வாக்கியம் நீளம்.

இதில் கெடுவது மூன்று வழியில். கடவுளிடம் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு ஜனங்களுக்குப் பிரசங்கம் வைப்பது ஒன்று: "கோயிலுக்கு நேரத்தோடு வராதவர்கள் மனந்திரும்ப…" அறிவிப்பாக்குவது இரண்டு: "வருகிற சனி மாலை 5 மணிக்கு நடக்கவிருக்கும் கூட்டம் ஆசீர்வாதமாயிருக்க…" மூன்றாவது, அனுமதியில்லாமல் ஒருவருடைய நோயை ஒலிபெருக்கியில் சொல்வது. புற்றுநோய் என்று தன் தாயிடமே இன்னும் சொல்லாதவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கலாம்.

பொதுவாகச் சேர்ந்து மன்றாட ஆண்டில் இரண்டு நல்ல சந்தர்ப்பங்கள்: ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒற்றுமைக்கான ஜெப வாரம், மார்ச் முதல் வெள்ளி உலக ஜெப நாள். பின்னதில் ஆண்டுக்கு ஒரு நாட்டுப் பெண்கள் ஆராதனை முறையை எழுதுகிறார்கள். தெரியாத தேசத்துக்காக விவரத்தோடு ஜெபிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட எளிய வழி இல்லை.

சங்கிலி ஜெபம்

1727 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் மொரேவியச் சகோதரர்கள் என்ற கிறிஸ்தவக் குழுவில் 24 ஆண்களும் 24 பெண்களும் நாளின் மணிகளைப் பங்கிட்டுக்கொண்டு மன்றாடத் தொடங்கினார்கள். அந்தத் தொடர் நூறு ஆண்டுக்கு மேல் போனது. அங்கிருந்து புறப்பட்ட மிஷனரிகளில் சிலர் 1760-இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து சேர்ந்தார்கள். ஆளுக்கு ஒரு மணிதான் என்று வைத்ததால்தான் அது அத்தனை காலம் தாங்கியது.

உங்கள் சபையில் 12 மணி நேரச் சங்கிலி நடத்த வேண்டுமானால் அரை மணிக்கு ஒருவராக 24 பேர், கூடவே மாற்று ஆள் இரண்டு பேர். அவரவர் வீட்டிலிருந்தே செய்யலாம். பின்னிரவில் யாரையும் ஆலயத்துக்குத் தனியாக வரவழைக்க வேண்டாம். ஒரே பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு குறிப்பு எழுதி எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுங்கள், இல்லாவிட்டால் பத்தாவது நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். முறை முடிந்தவர் அடுத்தவரைப் போனில் கூப்பிட வேண்டும். வாட்ஸ்அப் செய்தி போதாது. தூங்குகிறவரை அது எழுப்பாது. சங்கிலி அறுவது பெரும்பாலும் 2 மணிக்கும் 4 மணிக்கும் நடுவில். அந்த நேரத்தை ஏற்கெனவே இரவில் விழித்திருப்பவர்களிடம் கேளுங்கள்: இரவுப் பணி செவிலியர், காவலாளி, தூக்கம் பிடிக்காத பெரியவர்கள். சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள்.

எங்கே பிசகுகிறது

வம்பு. "ஜெபத்துக்காகச் சொல்றேன், வெளியே சொல்லாதீங்க" என்று ஆரம்பிக்கும் பேச்சில் பாதி ஜெபத்துக்கானது இல்லை. ஜெபக் குழுவில் ஒருமுறை ரகசியம் கசிந்தால் அடுத்த ஓராண்டுக்கு யாரும் உண்மையான குறிப்பு தரமாட்டார்கள். "பொதுவா குடும்பத்துக்காக" என்று மட்டும் வரும். வாட்ஸ்அப் குழுவில் மருத்துவ அறிக்கையின் படத்தைப் போடவே கூடாது.

பழி. சுகமாகவில்லை என்றால் "உங்களுக்கு விசுவாசம் போதவில்லை" என்பது. மாற்கு 2-இல் திமிர்வாதக்காரனை (முடக்குவாத நோயாளியை) நாலு பேர் கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கினார்கள். "அவர்கள் விசுவாசத்தை" இயேசு கண்டார் என்றுதான் எழுதியிருக்கிறது. கட்டிலில் கிடப்பவரிடம் விசுவாசத்தை அளக்காமல் நாலு பேரில் ஒருவராகத் தூக்கப் போங்கள்.

அளவுகோல். மன்றாட்டுக்குப் பலன் உண்டா என்று அமெரிக்காவில் பெரிய ஆய்வே நடந்தது. 2006-இல் முடிவு வெளிவந்தது. பைபாஸ் சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேர். ஜெபிக்கப்படுகிறோமா என்று தெரியாமலே ஜெபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதத்தினருக்கும், ஜெபிக்கப்படாதவர்களில் 51 சதவீதத்தினருக்கும் சிக்கல் வந்தது. ஜெபிக்கப்படுகிறோம் என்று தெரிந்தவர்களில் 59 சதவீதம். ஜெபித்தவர்களுக்கு நோயாளியின் முதற்பெயரும் குடும்பப் பெயரின் முதலெழுத்தும் மட்டுமே கொடுக்கப்பட்டிருந்தன. இதை வைத்துக் கடவுளைப் பற்றி எதையும் நிறுவ முடியாது என்றே படுகிறது. ஆனால் "எங்கள் குழு ஜெபித்தால் இத்தனை சதவீதம் சுகம்" என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க இது போதும். பணம் அனுப்பினால்தான் ஜெபிப்போம் என்கிறவர்களிடம் போகவே வேண்டாம்.

கையைக் கட்டிக்கொள்வது. பசியோடிருப்பவனிடம் "சமாதானத்தோடே போ" என்று சொல்லி அனுப்புவதை யாக்கோபு 2 கண்டிக்கிறது. கணவனிடம் அடிவாங்கும் பெண் "ஜெபம் பண்ணுங்க" என்றால் ஜெபித்துவிட்டு அதே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. அழைப்பதற்கு உடனிருங்கள். "பொறுத்துப் போ, ஆண்டவர் மாற்றுவார்" என்று அவளுக்குச் சொல்ல உங்களுக்கு அதிகாரமில்லை.

களைப்பு. அமலேக்கியரோடு யுத்தம் நடந்தபோது உயர்த்தியிருந்த மோசேயின் கை தளர்ந்தது. உட்காரக் கல் வைத்து ஆரோனும் ஊர் என்பவரும் இரண்டு பக்கமும் தாங்கினார்கள் (யாத்திராகமம் 17). கனமான குறிப்புகளைத் தனியாகச் சுமக்காதீர்கள். அனுமதி பெற்று இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தூக்கம் போகிறது, யார் பேசினாலும் எரிச்சல் வருகிறது என்றால் பட்டியலைப் பாதியாகக் குறைத்துவிட்டு ஆயரிடம் சொல்லுங்கள்.

கேட்டது கிடைக்காதபோது

ஆபிரகாம் 10 வரை இறங்கியும் சோதோம் அழிந்தது. பத்துப் பேர் இல்லை. ஆனால் ஆதியாகமம் 19:29-ஐ வாசியுங்கள்: தேவன் ஆபிரகாமை நினைத்து, அங்கே குடியிருந்த அவருடைய சகோதரன் மகன் லோத்தைத் தப்பவிட்டார். ஆபிரகாம் தன் மன்றாட்டில் லோத்தின் பெயரைச் சொல்லவே இல்லை. பவுல் "முள்" என்று சொன்ன தன் விடாத வேதனை நீங்க மூன்று முறை கேட்டார். முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது. நோயுற்ற தன் பிள்ளைக்காகத் தாவீது ஏழு நாள் உபவாசித்தும் பிள்ளை இறந்தது. இந்தச் சம்பவங்களை மறைக்காமல் வேதாகமம் வைத்திருக்கிறது; நோட்டின் காலிப் பத்தியிலும் நடந்ததை அப்படியே எழுதுங்கள். "இறந்துவிட்டார், 9-ஆம் தேதி" என்று எழுதவேண்டி வரும். அதை "ஆண்டவர் வேறுவிதமாகப் பதிலளித்தார்" என்று மெழுகவேண்டாம்.

இறந்தவரின் பெயரை என்ன செய்வது? கத்தோலிக்கர் அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காகத் தொடர்ந்து வேண்டுவார்கள். நவம்பர் 2 அதற்கென்றே உள்ள நாள். சீர்திருத்தச் சபையினர் அவருக்காக நன்றி சொல்லி, குடும்பத்தாரின் பெயர்களை எழுதிக்கொள்வார்கள். எந்தச் சபையானாலும் குடும்பத்தைக் குறைந்தது ஓராண்டு பட்டியலில் வையுங்கள். அடக்கத்துக்கு நூறு பேர் வருவார்கள். நாற்பதாம் நாளுக்குப் பிறகு யாரும் போன் செய்வதில்லை. முதல் கிறிஸ்துமஸ், முதல் பிறந்தநாள், முதல் நினைவுநாள் இவற்றை நான்காவது பத்தியில் தேதியோடு குறித்துவிடுங்கள்.

மாதத்தின் கடைசி ஞாயிறு பட்டியலைச் சரிபாருங்கள். தேவை தீர்ந்தவர்களுக்கு நன்றி சொல்லி அடித்துவிடுங்கள். மூன்று மாதமாக ஒரே வரி அப்படியே இருந்தால் அந்தப் பெயருக்குரியவரிடம் போய், "இன்னும் இதைத்தான் கேட்கட்டுமா, வேறெதுவும் கேட்கட்டுமா?" என்று விசாரியுங்கள். பலரும் மாற்றிச் சொல்வார்கள். சிலர், இன்னுமா ஜெபிக்கிறீர்கள் என்று ஆச்சரியப்படுவார்கள்.

முடிந்துபோன நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். ஒரு தெருவின் பாதி ரகசியம் அதில் இருக்கிறது. பொட்டலம் மடிக்கப்பட்டு அதே தெருவுக்குத் திரும்பி வரும். அடுத்த நோட்டுக்குப் போகவேண்டிய பெயர்களை எழுதி எடுத்துக்கொண்டு, மீதியைக் கிழித்து எரித்துவிடுங்கள்.